ஒரு ஓட்டம், பதினைந்து பந்து

2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவு, கொட்டாஞ்சேனைக்குக் கிட்டவுள்ள கெத்தாராம பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு வெற்றிபெற ஒரே ஓட்டம் தேவை. கையில் 15 பந்து, இரண்டு விக்கெட். இலங்கையின் 230ஐ ஷிவம் துபே அப்போதுதான் ஒரு நான்கு அடித்துத் தொட்டிருந்தார். பந்து வீசியது இலங்கைத் தலைவர் சரித் அசலங்க, பகுதிநேரச் சுழல்தான். அடுத்த பந்தில் துபே எல்பிடபிள்யூ. அதற்கடுத்த பந்தை விளாசப் போன அர்ஷ்தீப் சிங்கும் எல்பிடபிள்யூ. மட்ச் சமநிலை. இரு அணியும் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டன. விதிப்படி சூப்பர் ஓவர் நடந்திருக்க வேண்டும், நடுவர்கள் கவனிக்கவில்லை என்று பிறகு செய்தி வந்தது!

ஒருநாள் போட்டிகளில் நூற்றுக்கு ஒன்றளவுதான் இப்படி முடியும். துரத்தும் அணி எதிரணியின் எண்ணிக்கையைத் தொடுவது அபூர்வமல்ல. தொட்ட இடத்திலேயே கடைசி விக்கெட்டோ கடைசிப் பந்தோ முடிந்துபோவதுதான் அபூர்வம்.

பேஸ்போலில் கணக்கு வேறு. அங்கே ஓர் அணி மட்ச் முழுக்க எடுப்பதே சராசரியாக நாலைந்து ஓட்டம். இலக்கம் சின்னதானால் இரண்டு அணியும் ஒரே இலக்கத்தில் நிற்பது சுலபம். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் பத்துப் பன்னிரண்டு மட்சுக்கு ஒன்று, ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமனாகவே நிற்கும். ஜப்பானில் 12 இன்னிங்ஸோடு சமநிலை என்று எழுதிவிடுவார்கள். அமெரிக்கர்களுக்கு அது பிடிக்காது. ஓர் அணிக்கு மூன்று பேர் ஆட்டமிழந்தால் இன்னிங்ஸ் முடிந்தது என்பதால், யாராவது முந்தும்வரை இன்னொன்று, இன்னொன்று என்று ஆடிக்கொண்டே இருப்பார்கள். 1981இல் ரோட் ஐலண்டின் போட்டக்கெட்டில் ஒரு மைனர் லீக் மட்ச் 32 இன்னிங்ஸ் ஆடியும் தீராமல், விடியற்காலை நாலு மணிக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. இரண்டு மாதம் கழித்துத் தொடர்ந்தபோது 33ஆவது இன்னிங்ஸிலேயே முடிந்தது.

இந்த இழுபறிக்கு மேஜர் லீக் 2020இல் ஒரு வழியைக் கொண்டுவந்தது. லீக் சுற்றில் பத்தாவது இன்னிங்ஸ் முதல், தொடக்கத்திலேயே ஓர் ஓட்டக்காரரை இரண்டாவது பேஸில் நிறுத்திவிடுகிறார்கள். சாதாரணமாக ஓர் அணியின் இன்னிங்ஸ் ஓட்டமே இல்லாமல் முடிவது பத்தில் ஏழு தடவை. ஆகவே இரு அணியும் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 0.7 பெருக்கல் 0.7, கிட்டத்தட்டப் பாதி. அந்த ஓட்டக்காரர் நின்றால் வெறுங்கை பத்தில் நாலு தடவைதான். இரு அணியும் சேர்ந்து வெறுங்கையாவது ஆறில் ஒன்று. இரு அணியும் ஆளுக்கொன்று எடுத்துச் சமனாவதும் உண்டு என்றாலும், முடிச்சு முன்பைவிடச் சீக்கிரம் அவிழும். பழைய ரசிகர்கள் இதைத் திட்டித் தீர்க்கிறார்கள். எனக்கென்னவோ, கெட்டிக்காரத்தனமான தந்திரமாகவே படுகிறது.

கிரிக்கெட்டில் இன்னுமொரு இன்னிங்ஸ் என்றால் மறுநாள் வரவேண்டும். அதனால்தான் ஆறு பந்து, இரண்டு விக்கெட் என்று சூப்பர் ஓவர். கெத்தாராமவுக்கு மூன்று நாள் முன்னர் பல்லேகலையில் இதே இரு அணிகளின் இருபது ஓவர் மட்ச் 137இல் சமனானபோது, சூப்பர் ஓவரில் இலங்கை எடுத்தது 2. சூர்யகுமார் யாதவ் முதல் பந்திலேயே நான்கு அடித்தார். 2019 உலகக் கிண்ண இறுதியில் சூப்பர் ஓவரும் 15க்கு 15 என்று சமனாகி, அதிக பவுண்டரி அடித்த இங்கிலாந்துக்குக் கிண்ணம் போனது. எழுந்த கூச்சலில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது முடிவு வரும்வரை சூப்பர் ஓவர் மேல் சூப்பர் ஓவர். அசல் பேஸ்போல் வழி.

டெஸ்ட் மட்டும் எதற்கும் மசியவில்லை. 1960 பிரிஸ்பேன், 1986 சேப்பாக்கம்: இதுவரை இரண்டே சமநிலை, இரண்டும் அப்படியே ஏட்டில் இருக்கின்றன.