சூரியனும் ஒரு நட்சத்திரமே என்றவர்

"சூரியன் ஒரு நட்சத்திரம்." இந்த வரியைத் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். படித்த வேகத்தில் அடுத்த வரிக்கும் போயிருப்பீர்கள். இப்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். பகலில் கண் கூச வைக்கும் நெருப்புருண்டையும், தெருவிளக்கு வெளிச்சத்திலேயே காணாமல் போகும் சிறு புள்ளியும் ஒரே இனம் என்று வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா?

தொலைநோக்கி என்ற கருவியே இல்லாத காலத்தில், 1584ஆம் ஆண்டில், ஓர் இத்தாலியர் அதை அடித்துச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றிப் பூமியைப் போன்ற உலகங்கள் இருக்கின்றன, அண்டத்துக்கு எல்லையும் இல்லை, நடுப்புள்ளியும் இல்லை என்றார். அவர் பெயர் ஜியோர்டானோ புருனோ.

புருனோ 1548இல் நேப்பல்ஸ் நகருக்கு அருகில் உள்ள நோலா என்ற ஊரில் பிறந்தார். 17 வயதில் டொமினிக்கன் துறவியர் மடத்தில் சேர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் வாயை அடக்கத் தெரியாதவர். திருச்சபை தடை செய்திருந்த நூல்களைப் படித்ததாகவும் சமயக் கொள்கைகளைச் சந்தேகித்ததாகவும் புகார் எழுந்ததால், 1576இல் மடத்தைவிட்டு ஓடினார். அடுத்த 15 ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். ஜெனீவா, துலூஸ், பாரிஸ், லண்டன், விட்டன்பர்க், பிராக், பிராங்பர்ட். போன இடமெல்லாம் யாருடனாவது வாக்குவாதம் முற்றியது. ஜெனீவாவில் ஒரு பேராசிரியரின் தவறுகளைப் பட்டியலிட்டு அச்சிட்டதற்காகவே கைது செய்யப்பட்டார்!

அவருக்குச் சோறு போட்டது வானியல் அல்ல, நினைவாற்றல் கலை. படங்களையும் சுழலும் வட்டங்களையும் மனத்தில் கற்பனை செய்து, ஏராளமான தகவல்களை நினைவில் வைத்திருக்கும் முறை ஒன்றை அவர் கற்பித்தார். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றியே அவரை அழைத்து, இது மந்திரமா, பயிற்சியா என்று விசாரித்தாராம்.

இனி அவர் பார்த்த வானத்துக்கு வருவோம். அன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்பட்டது அரிஸ்டாட்டிலின் அண்டம். நடுவில் அசையாத பூமி. அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்கான கோளங்கள். கடைசிக் கோளத்தில் நட்சத்திரங்கள் பதிக்கப்பட்டிருக்கும். 1543இல் வெளிவந்த தம் நூலில் கோப்பர்நிக்கஸ் நடுவிலிருந்த பூமியை அகற்றிச் சூரியனை வைத்தார். பெரிய புரட்சிதான். ஆனாலும் அந்தக் கடைசிக் கோளம் அவருடைய அண்டத்திலும் இருந்தது. இங்கிலாந்தில் தாமஸ் டிக்ஸ் 1576இல் அந்தக் கோளத்தை உடைத்து, நட்சத்திரங்களை எல்லையின்றிப் பரவவிட்டார். ஆனால் நடுவில் சூரியன் மட்டும் தனிச்சிறப்போடு வீற்றிருந்தது.

புருனோ அந்தச் சிறப்பையும் பறித்தார். 1584இல் லண்டனில் அச்சான அவருடைய உரையாடல் நூல்களில் வரும் வாதம் மிக எளிமையானது. சூரியன் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அது அருகில் இருப்பதுதான். நட்சத்திரங்கள் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் அவற்றின் தொலைவு. சரி, அந்தச் சூரியன்களைச் சுற்றும் உலகங்கள் ஏன் நம் கண்ணில் படவில்லை? அவை சிறியவை, சொந்த ஒளி இல்லாதவை என்று பதில் சொன்னார். இன்றைய வானியலாளரைக் கேட்டாலும் இதே காரணத்தைத்தான் சொல்வார்.

இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆல்ஃபா செண்டாரி என்ற நட்சத்திரத்தின் தொலைவு, நமக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் சுமார் 270,000 மடங்கு. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். 70 பில்லியனைத் தாண்டும். நம் சூரியனைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் அதன் ஒளி அத்தனை மடங்கு குறைந்து, அதுவும் வானத்தில் ஒரு புள்ளியாகிவிடும்.

பூமி சுழன்றால் மேலே எறிந்த கல் பின்னால் அல்லவா விழ வேண்டும் என்று அக்காலத்தில் பலர் கேட்டனர். அதற்கும் புருனோவிடம் பதில் இருந்தது. சீராக ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போட்டால், அது மரத்தின் அடியிலேயே விழும். கப்பலின் ஓட்டம் கல்லுக்கும் உண்டு. இதே கப்பல் எடுத்துக்காட்டை 1632இல் கலிலியோவும் பயன்படுத்தினார்.

ஆனால் அவரை வானியலாளர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வானத்தை அளந்தவர் அல்லர்; கணக்கிலும் கெட்டிக்காரர் அல்லர். பூமியும் நிலவும் ஒரே சிறு வட்டத்தின் விளிம்பில் சுற்றுவதாகக் கோப்பர்நிக்கஸ் சொன்னார் என்று அவர் வாதிட்டார். அது தவறு. கோள்களுக்கு உயிர் உண்டு, அதனால்தான் அவை நகர்கின்றன என்றும் நம்பினார். சரியான விடையும் தவறான விடையும் அவருடைய நூல்களில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. எது எது என்று பிரித்துக் காட்டும் சான்று எதுவும் அவர் கையில் இல்லை.

1591இல் வெனிஸ் நகரப் பிரபு ஜியோவானி மொசெனிகோ தமக்கு நினைவாற்றல் கலை கற்பிக்கும்படி புருனோவை அழைத்தார். கற்றது போதவில்லை என்று மனம் கசந்த அந்தப் பிரபுவே 1592 மே மாதம் அவரைச் சமய விசாரணை மன்றத்திடம் காட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு புருனோ ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே ஏழு ஆண்டுகள் சிறை. கருத்துகளைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற வாய்ப்பு இருந்தது. சில சமயம் இணங்குவதாகவும் சொன்னார். ஆனால் 1599 இறுதியில், கைவிடுவதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். 1600 பிப்ரவரி 17 அன்று ரோமின் கம்போ டெ ஃபியோரி சதுக்கத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காக எரித்தார்கள் என்று சில புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. விவகாரம் அவ்வளவு எளிதல்ல. வழக்கு ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. 1940இல் கிடைத்த ஒரு சுருக்கத்தைப் பார்த்தால், குற்றச்சாட்டுகளில் பல சமயக் கொள்கை பற்றியவை: இயேசுவின் தெய்வத்தன்மையையும் மூவொரு கடவுள் கொள்கையையும் ஐயுற்றது, உயிர்கள் மறுபிறவி எடுக்கும் என்றது. எண்ணற்ற உலகங்கள் உண்டு என்றதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எது எவ்வளவு எடை பெற்றது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், "அறிவியல் தியாகி" என்ற பட்டம் அவருக்கு அளவு தைத்த சட்டை இல்லை. அவர் கேட்டது இன்னும் அகலமானது: எதைப் பற்றியும் சிந்திக்கும் உரிமை. அவர் சொன்னதில் பாதி தவறு என்பதால் அந்தத் தண்டனையின் கொடுமை ஒரு துளியும் குறைந்துவிடாது.

அந்த நெருப்பின் வெப்பம் அடுத்த தலைமுறைக்கும் எட்டியது. புருனோவின் வழக்கைக் கையாண்டவர்களில் ஒருவரான கார்டினல் பெல்லார்மின்தான், 1616இல் கலிலியோவை அழைத்து எச்சரித்தவர். 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் புதிய "கோள்களை" கண்டார் என்ற செய்தி கேட்டு, கெப்ளர் முதலில் கலங்கிப்போனார். அவை வேறு நட்சத்திரங்களைச் சுற்றினால் புருனோ சொன்னது உண்மையாகிவிடுமே! எல்லையற்ற அண்டம் என்ற நினைப்பே கெப்ளருக்கு அச்சமூட்டியது. அவை வியாழனின் நிலவுகள் என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்தார்.

புருனோவிடம் இல்லாத சான்றுகள் மெதுவாகவே வந்தன. 1838இல் ஜெர்மானியர் பெசல், 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் தொலைவை அளந்து வெளியிட்டார். 1860களில் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, சூரியனில் உள்ள அதே தனிமங்கள் அங்கேயும் தெரிந்தன. உலகங்களுக்கு மட்டும் 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் மிஷல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் ஆடுவதைக் கவனித்தார்கள். ஆட்டத்தின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான்; ஒரு பந்தயக் காரின் வேகம்கூட இல்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் ஒரு பெரிய கோளே அந்த ஆட்டத்துக்குக் காரணம். இந்தக் கண்டுபிடிப்புக்கு 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. இப்படி உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025இல் 6,000ஐ எட்டியது.

ஜூன் மாதம் இரவு பத்து மணியளவில் மழை மேகம் இல்லையென்றால், உயரமான கட்டடம் மறைக்காத ஓர் இடத்தில் தெற்கு நோக்கி நில்லுங்கள். தென்சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும். சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது, இரண்டில் அதிகம் ஒளிர்வது, ஆல்ஃபா செண்டாரி. அது இரண்டு சூரியன்கள் சேர்ந்தது. அவற்றோடு சேர்ந்த மூன்றாவது நட்சத்திரமான பிராக்சிமா மிகவும் மங்கல், கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பது 2016இல் கண்டுபிடிக்கப்பட்டது.