இந்தக் காட்டை நட்டது யார்?

வா சுட்டி! தண்ணீர் பாட்டில், தொப்பி, மழைக்கோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டாயா? முழங்கால் வரை வரும் காலுறை ஒன்றும் வேண்டும். எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன். இன்று நாம் ஆனைமலை மழைக்காட்டுக்குப் போகிறோம்.

புறப்படும் முன் ஒரு கேள்வி. அந்தக் காட்டில் கணக்கில்லாத மரங்கள். யாரும் குழி தோண்டவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அப்படியானால் நட்டது யார்?

"விதை கீழே விழுந்து தானாக முளைத்திருக்கும், மாமா!" என்கிறாயா? சபாஷ், உடனே யோசித்துவிட்டாயே! ஆனால் அது பாதி விடைதான். மீதியை வழியில் கண்டுபிடிப்போம்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணைக்கு வந்துவிட்டோம். இனி மலைச்சாலை. மேலே இருக்கும் வால்பாறை ஊருக்குப் போவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். 9ஆவது வளைவில் கொஞ்சம் இறங்கலாம். கீழே பார், அணையின் நீர் எப்படி மின்னுகிறது! பாறைச் சரிவில் வரையாடு நின்றாலும் நிற்கும். அது நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

மேலே ஏற ஏறக் குளிர்கிறதா? அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் மோதி மேலே எழும்பும். மேலே போனால் குளிரும். குளிர்ந்தால் மழையாகக் கொட்டும். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். வால்பாறைப் பக்கம் சுமார் 3,500. இரண்டரை மடங்கு! மழைக்காடு இங்கே வளர்ந்ததற்குக் காரணம் புரிகிறதல்லவா?

இதோ, நமக்கு வழிகாட்ட ஓர் அண்ணன் வந்துவிட்டார். அவர் காடர் இனத்தவர். காடர்கள் ஆனைமலையின் பழங்குடி மக்கள். தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் அவர்களுடைய ஊர்கள் உண்டு. தேன், கிழங்கு, குங்கிலியம் எல்லாம் காட்டில் எடுத்து வாழ்ந்தவர்கள். எந்த மரம் எப்போது பழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அண்ணன் முன்னால் நடக்கட்டும்; நாம் பின்னால் போவோம். சத்தம் கூடாது!

உள்ளே வந்ததும் இருட்டிவிட்டதே, பார்த்தாயா? மணி என்னவோ பத்துதான். மேலே இலைகள் நெருக்கமாக மூடியிருக்கின்றன. நூறு பங்கு வெயிலில் ஓரிரு பங்குதான் தரைக்கு வந்து சேரும்.

இப்போது உன் விடைக்கு வருவோம். விதை தாய்மரத்தின் அடியிலேயே விழுந்தால் என்ன ஆகும்? அங்கே வெளிச்சம் இல்லை. அந்த மரத்தின் விதையைத் தின்னும் பூச்சிகளும் பூஞ்சையும் அங்கேதான் அதிகம். பெரும்பாலான கன்றுகள் செத்துப்போகும். எங்காவது ஒரு பெரிய மரம் சாய்ந்து, வெயில் விழும் இடம் கிடைத்தால் பிழைக்கும். ஆனால் விதைக்குக் கால் இல்லையே! யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். யார்?

அண்ணன் கை காட்டுகிறார். மேலே பார்! இறக்கை அடிக்கும் ஓசை காதில் விழுகிறதா? அதுதான் இருவாச்சி. பெரிய மஞ்சள் அலகு, அதன் மேல் தொப்பி வைத்த மாதிரி ஒரு புடைப்பு. அத்திப்பழம் என்றால் அதற்கு உயிர். பழத்தை முழுசாக விழுங்கும். வெகுதூரம் பறந்து போய் விதையை வெளியே போட்டுவிடும்.

இதன் கூடு இன்னும் வேடிக்கை. பெரிய மரப்பொந்துக்குள் பெண் பறவை போய் உட்கார்ந்துகொள்ளும். தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துவிடும். உண்டியலில் காசு போடும் துளை இருக்குமே, அதைப்போல ஒரு சின்ன இடுக்கு மட்டும் மிச்சம். ஆண் பறவை அதன் வழியாக ஒவ்வொரு பழமாக உள்ளே தள்ளும். இப்படிப் பல வாரங்கள்! அந்த ஆண் பறவைக்கு ஏதாவது ஆகிவிட்டால், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி.

முன்பு காடர்கள் சிலர் இருவாச்சிக் குஞ்சுகளைப் பிடித்து உண்டதுண்டு. இன்று கேரளத்தின் வாழச்சால் காட்டில் அந்தக் கூடுகளுக்குக் காவலே காடர்கள்தான். பொந்து மரங்களைத் தேடிக் கணக்கெடுத்து, குஞ்சு வெளியே வரும்வரை கவனித்துக்கொள்கிறார்கள். கூடு எங்கே இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கிழங்கு தோண்டும்போதும் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மறுபடி மண்ணில் புதைத்துவிடுவார்கள். அடுத்த பருவத்தில் அது மீண்டும் தழைக்கும். ஆக, நட்டவர்கள் பட்டியலில் மனிதரும் வந்துவிட்டார்கள், கவனித்தாயா?

அடடா, காலைப் பார்! அட்டை! பயப்படாதே. காலுறை எதற்கு என்று இப்போது தெரிந்ததா? அது கடித்தால் வலிக்காது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைக் கடிவாயில் செலுத்தும். அதனால்தான் அட்டை போன பிறகும் ரத்தம் கசியும். கொஞ்சம் உப்பு பட்டால் விழுந்துவிடும்.

வெளியே வருவோம். இப்போது சுற்றிலும் தேயிலைத் தோட்டம். 1890களிலிருந்து இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். நடுநடுவே துண்டு துண்டாகக் காடு மிஞ்சியது. வால்பாறைக்கு அருகில் உள்ள புதுத்தோட்டம் பக்கம் வந்தால் சிங்கவால் குரங்கைப் பார்க்கலாம். கறுப்பு உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது காட்டில் வாழ்வதில்லை. கன்னப்பையில் பழத்தை அடக்கிக்கொண்டு போய், வேறோர் இடத்தில் விதையைத் துப்பும்.

மரத்திலிருந்து மரத்துக்குத் தாவிப் போவதுதான் இதன் வழக்கம். மரம் இல்லாத இடத்தில் என்ன செய்யும்? தரைக்கு இறங்கும். சாலையில் வண்டியில் அடிபடும். அதனால்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதில் அழகாகக் கடக்கும். நீ குரங்குகளுக்குப் பிஸ்கட் போடாதே, கண்ணு. தீனிக்காகச் சாலையில் காத்திருக்கப் பழகினால், அந்தப் பாலத்தால் என்ன பயன்?

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த காட்டுத் துண்டுகளில் மரம் நடுகிறார்கள். விதை எங்கே கிடைக்கும்? சாலையோரம் விழுந்த பழங்களிலும், மரநாயின் எச்சத்திலும் பொறுக்குவார்கள். முகம் சுளிக்காதே! இரவெல்லாம் பழம் தின்று திரியும் மரநாய், நல்ல விதைகளைத் தானே சேர்த்து வைத்துவிட்டுப் போகிறது.

சாயங்காலம் ஆகிவிட்டது. தோட்டத் தொழிலாளர்கள் வீடு திரும்பும் நேரம். யானைகளும் ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை வழியாகத்தான் நடக்கும். யானை அருகில் இருந்தால் மக்களுக்குக் கைப்பேசியில் செய்தி வரும். உயரமான இடங்களில் சிவப்பு விளக்கும் எரியும். மக்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், யானையும் தன் வழியே போகும். அதன் சாணத்திலும் விதைகள் உண்டு என்று நான் சொல்லாமலே ஊகித்திருப்பாயே!

இந்தக் காடு எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று நினைக்காதே. இங்கே பெய்யும் மழைதான் சோலையாறு, நீராறு என்று ஓடி, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கால்வாய்களில் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வருகிறது. நீ குடித்த பொள்ளாச்சி இளநீரில் இந்த மழையும் இருக்கலாம்.

சரி, உனக்கு ஒரு வேலை. உன் தெருவில் சுவர் இடுக்கிலோ, கூரை ஓரத்திலோ, யாரும் வைக்காமல் முளைத்த அரசங்கன்று ஒன்று இருக்கும். தேடிப் பார். அக்கம்பக்கத்தில் பழம் தரும் அரசமரம் எங்கே இருக்கிறது, அதற்கு எந்தெந்தப் பறவைகள் வருகின்றன என்று ஒரு வாரம் குறித்து வை. விதையைக் கொண்டுவந்த ஆள் யார் என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.