பூட்டைப் புதுப்பிக்கும் எந்திரக் காவல்காரன்!

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருகின்றன. அவற்றில் அடுக்கடுக்காக இரும்புப் பெட்டிகள். அவைதான் கண்டெய்னர்கள்.

பெட்டிக்குள் துணி இருக்கலாம். மோட்டார் சாமான் இருக்கலாம். கிரேனுக்கு அந்தக் கவலை இல்லை. பெட்டியின் அளவு திட்டமானது. தூக்கும், லாரியில் வைக்கும். அவ்வளவுதான்!

அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்று ஒரு லாரி முதலாளி இருந்தார். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றும் காலம் அன்று முதல் மாறத் தொடங்கியது.

அதே பெட்டி இன்று கம்ப்யூட்டருக்குள்ளும் வந்துவிட்டது!

கம்ப்யூட்டர் வேலைகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் முறை ஒன்று 2013-ல் வெளிவந்தது. அதன் பெயர் 'டாக்கர்'. அதன் சின்னம் என்ன தெரியுமா? பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கலம்! மறு ஆண்டு கூகுள் கம்பெனி, அந்தப் பெட்டிகளை மேய்க்கும் 'குபெர்னெட்டீஸ்' என்பதை வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதற்கு 'சுக்கான் பிடிப்பவர்' என்று பொருள்.

மேகம் எங்கே இருக்கிறது?

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒரு மகளிர் குழு கருவாடு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க்காரர்களும் வாங்கவேண்டும் என்று இணையதளம் தொடங்குகிறார்கள். அதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். இடம், பெயர், பூட்டு.

இடம் என்பது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதை வாடகைக்கு எடுக்கலாம். இதைத்தான் 'கிளவுடு' என்கிறார்கள். கிளவுடு என்றால் மேகம். ஆனால் இந்த மேகம் வானத்தில் இல்லை. குளுகுளு வசதி செய்த பெரிய கட்டிடங்களில் இருக்கிறது. மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ல் சென்னையிலும் இப்படி ஒன்றைத் தொடங்கியது.

அடுத்தது பெயர். அது கடையின் பெயர்ப்பலகை மாதிரி. பெயரைப் பதிவு செய்யும் கம்பெனிக்குப் பணம் கட்டி வாங்கவேண்டும். அது சொந்தம் அல்ல; குத்தகை. கெடு முடிவதற்குள் பணம் கட்டாவிட்டால் பெயர் கையைவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது பூட்டு. பூட்டு இல்லாத இணையதளத்தில் நீங்கள் எழுதுவது தபால் கார்டில் எழுதுவது மாதிரி. வழியில் இருப்பவர்கள் படித்துவிடலாம். பூட்டு இருந்தால், ஒட்டிய கவருக்குள் வைத்த கடிதம். இந்தப் பூட்டுக்கு ஒரு சான்றிதழ் தேவை.

எந்திரம் கேட்கும் கேள்வி

முன்பெல்லாம் இந்தச் சான்றிதழைப் பெரும்பாலும் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். 2015-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமெரிக்க நிறுவனம் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. லாப நோக்கம் இல்லாத நிறுவனம் அது. சான்றிதழ் இலவசம்!

அது எப்படி நடக்கிறது?

"இந்தப் பெயர் என்னுடையது" என்கிறது நம் எந்திரம்.

"அப்படியா? இதோ ஒரு ரகசியச் சொல். அதை உன் வீட்டில் நான் சொல்லும் இடத்தில் வை. வந்து பார்க்கிறேன்" என்கிறது அவர்கள் எந்திரம்.

சொல் அங்கே இருந்தால் சான்றிதழ் வந்துவிடும். நடுவில் மனிதர் யாரும் இல்லை. சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான் என்று வைத்தார்கள். கெடு தாண்டினால் வாடிக்கையாளரின் போனில், "இந்த இடம் பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கை வரும். பார்த்தவர் பயந்து ஓடிவிடுவார். கருவாடு நல்ல கருவாடுதான். கடைதான் பாழ்!

ஆகவே புதுப்பிக்கும் வேலையையும் எந்திரத்திடமே விடுகிறார்கள். கெடுவுக்கு 30 நாள் இருக்கும்போதே அது புதுச் சான்றிதழ் வாங்கி மாட்டிவிடும்.

மற்ற வேலைகளும் அப்படித்தான். வஞ்சிரக் கருவாட்டின் விலையை மாற்றவேண்டுமா? குழுவில் ஒரு பெண் புது விலையை எழுதினால் போதும். எந்திரம் அதைப் பெட்டியில் அடைக்கும். விலைப்பட்டியல் திறக்கிறதா, பணம் கட்டும் இடம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். சரியாக இருந்தால் கடையில் வைக்கும். தப்பு இருந்தால் பழையதையே விட்டுவைக்கும்.

மறதியால் வந்த வினை

மனிதனுக்கு மறதி உண்டு. அதன் விலை பெரிது.

2018-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி இங்கிலாந்தில் 'ஓ-2' கம்பெனியின் போன்களில் இணையம் நின்றுபோனது. அதற்கு 3 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள். லண்டன் பஸ் நிறுத்தங்களில் நேரம் காட்டும் பலகைகள்கூடப் பாதிக்கப்பட்டன. காரணம் என்ன? எரிக்சன் கம்பெனி கொடுத்த மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது!

இனி கெடு இன்னும் குறுகும். இணையதளச் சான்றிதழின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று 2025 ஏப்ரலில் முடிவு செய்தார்கள். அதற்கு மேல் ஆயுள் கிடையாது. திருடன் கையில் சாவி சிக்கினாலும், அது நெடுநாள் பயன்படக்கூடாது என்பது ஒரு நோக்கம்.

47 நாளுக்கு ஒரு தடவை கையால் புதுப்பிக்க முடியுமா? முடியாது. எந்திரம்தான் வேண்டும்.

பெயரை இழந்த கம்பெனி

அப்படியானால் எல்லாவற்றையும் எந்திரத்திடம் விட்டுவிட்டுத் தூங்கலாமா?

கூடாது! அதற்கு நம் ஊர்க் கதையே சாட்சி.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது ஜோஹோ கம்பெனி. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி அதன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெயர்தான் போய்விட்டது! ஜோஹோ மின்னஞ்சலைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்துவதாகப் புகார் வந்ததால், பெயரைப் பதிவு செய்து கொடுத்த அமெரிக்கக் கம்பெனி அதை முடக்கிவிட்டது.

ஜோஹோவின் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு டுவிட்டரில் பகிரங்கமாக உதவி கேட்டார். பிறகுதான் பெயர் திரும்ப வந்தது. அடுத்தவர்களின் தானியங்கி எந்திரம் நம் விதியைத் தீர்மானிக்க இனி விடமாட்டோம் என்று அவர் அறிவித்தார்.

இதில் பாடம் இருக்கிறது. தினசரி வேலையை எந்திரம் பார்க்கட்டும். ஆனால் ஆபத்து வந்தால் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். எந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். "கெடு முடியப்போகிறது" என்று கடிதம் போட்டு நினைவூட்டுவதை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூன் 4-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. இனி நம் வீட்டை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நீங்கள் பார்க்கவேண்டியது

கடை வைக்காதவர்களுக்கும் இதில் சேதி உண்டு.

பூட்டு இருந்தால் கடைக்காரர் யோக்கியர் என்று அர்த்தமா? இல்லை! நீங்கள் எழுதுவதை வழியில் யாரும் படிக்கமுடியாது என்றுதான் அர்த்தம். இலவசப் பூட்டை மோசடிக்காரனும் வாங்கிவிடுகிறான். பூட்டுப் படத்தைப் பார்த்து ஜனங்கள் ஏமாறுவதால், கூகுளின் 'குரோம்' 2023-ல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

ஆகவே பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பெயரின் கடைசிப் பகுதி முக்கியம். மத்திய, மாநில அரசு தளங்கள் பொதுவாக 'கவ்.இன்' என்று முடியும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-ந் தேதிக்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் பெயருக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.

"பாதுகாப்பு இல்லை" என்று போன் எச்சரித்தால், அங்கே வங்கி எண்ணையும் ரகசிய எண்ணையும் எழுதாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பூட்டை எந்திரம் புதுப்பிக்கும். பெயரைப் படிக்கவேண்டியது நீங்கள்தான்!