தாத்தாவின் ரேசருக்கு இன்றும் பிளேடு கிடைப்பது எப்படி? டெல்லியின் பழைய பொருள் சந்தைகளில் தேடப்படும் சவரக் கருவிகள்

புதுடெல்லி: செங்கோட்டையையும் ஜும்மா மசூதியையும் ஒட்டிய பகுதியில் ஞாயிறுதோறும் கூடும் பழைய பொருள் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் நடுவே சில வேளைகளில் ஓர் உலோக ரேசர் கிடக்கும். கைப்பிடியில் சோப்பு நுரை காய்ந்து இறுகியிருக்கும். விற்பவருக்கு அது எடைக்குப் போட வேண்டிய பித்தளை; தேடி வருபவருக்கோ பல பத்தாண்டுகள் பழைமையான, இன்னும் பயன்படுத்தத்தக்க ஒரு கருவி.

பழைய கேமராவை வாங்கியவர் பிலிமுக்கு அலைய வேண்டியிருக்கும். பழைய வானொலிப் பெட்டியை வாங்கியவர் வால்வுக்கு அலைய வேண்டியிருக்கும். பழைய ரேசரை வாங்கியவருக்கு அந்த அலைச்சல் இல்லை. தெருமுனைக் கடையில் சில ரூபாய்க்கு விற்கப்படும் இருமுனை பிளேடு, 1904-ஆம் ஆண்டில் தயாரான ரேசரிலும் பொருந்தும். பழைய சவரக் கருவிகளைச் சேகரிக்கும் பழக்கம் அலமாரி அலங்காரத்தோடு நின்றுவிடாமல் அன்றாடப் பயன்பாடாகவும் தொடர்வதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

ஐந்து டாலர் ரேசர்

‘பாதுகாப்பு ரேசர்’ என்ற கருத்தைக் கண்டுபிடித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தோலை ஆழமாக வெட்டிவிடாதபடி விளிம்புக்குக் காப்பு வைத்த ரேசர்கள் அவருக்கு முன்பே இருந்தன. அமெரிக்காவின் காம்ஃப் சகோதரர்கள் 1880-களிலேயே அவற்றை விற்றனர். ஆயினும் அவற்றின் கத்தியை அடிக்கடி தோல்வாரில் தீட்ட வேண்டியிருந்தது. தீட்டவே தேவையில்லாத, மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய எஃகுத் தகடு என்பதே ஜில்லெட்டின் பங்களிப்பு. அவ்வளவு மெல்லிய எஃகைப் பதப்படுத்தும் முறையை உருவாக்கிக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1901-இல் பாஸ்டன் நகரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1903-ஆம் ஆண்டு முழுவதிலும் விற்பனையானவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே.

ரேசரை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்து பிளேடில் லாபம் பார்த்தவர் ஜில்லெட் என்று வணிகப் பாடங்களில் சொல்லப்படும் கதையும் தொடக்க காலத்துக்குப் பொருந்தாது. காப்புரிமை உயிரோடிருந்த ஆண்டுகளில் ஒரு ரேசரின் விலை 5 டாலர். அன்றைய சாதாரணத் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. 1921-இல் காப்புரிமை காலாவதியாகி, போட்டியாளர்கள் நுழைய வழி திறந்த பிறகே மலிவான வகைகள் வந்தன. அதற்குள் முதல் உலகப் போர் அந்த ரேசரை உலகெங்கும் கொண்டு சேர்த்திருந்தது. அமெரிக்கப் படைகளுக்காக மட்டும் சுமார் 35 லட்சம் ரேசர்களும் 3.2 கோடி பிளேடுகளும் வாங்கப்பட்டன.

ஒரு பிளேடு எல்லா ரேசர்களுக்கும் பொருந்துவதற்குப் பின்னால் ஒரு காப்புரிமைச் சண்டை உண்டு. தொடக்ககால பிளேடுகளில் மூன்று துளைகள் இருந்தன. ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் நிறுவனம், நடுவில் நீண்ட பிளவுள்ள பிளேடை வடிவமைத்தது. அது ஜில்லெட் ரேசரிலும் பொருந்தியது. இதையொட்டி எழுந்த மோதல் 1930-இல் இரு நிறுவனங்களும் இணைந்ததோடு முடிவுக்கு வந்தது. அதன் பின் நிலைபெற்ற பிளவு வடிவமே இன்றும் உலகெங்கும் தொடர்கிறது. சுமார் 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்ற அளவும் ஏறக்குறைய மாறவே இல்லை.

சலூன் காப்பாற்றிய பிளேடு

மேலை நாடுகளில் 1971-இல் இரட்டை பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜ் வந்தது. அடுத்து, பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் ரேசர்கள் பெருகின. தனி பிளேடின் இடம் அங்கே விரைவாகச் சுருங்கியது. இந்தியாவில் அவ்வாறு நடக்கவில்லை.

விலை ஒரு காரணம். மற்றொரு காரணம் சலூன். முடிதிருத்துநர்கள் இருமுனை பிளேடை உறையோடு நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, மடக்குக் கத்தி போன்ற பிடியில் பாதியைச் செருகிப் பயன்படுத்துகின்றனர். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை குறித்த விழிப்புணர்வு பரவிய பின், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிய பிளேடு என்பது கேட்டுப் பெறும் உரிமையாயிற்று. இதனால் வீட்டுக் குளியலறையில் கார்ட்ரிட்ஜ் நுழைந்தபோதும், பிளேடின் தேவை குறையவில்லை. பென்சில் சீவவும், தையல் பிரிக்கவும், நகம் வெட்டவும் பிளேடு பயன்பட்டது. சலிப்பூட்டும் பேச்சுக்குத் தமிழில் ‘பிளேடு’ என்றே பெயர் வைக்கும் அளவுக்கு அது வீட்டுப் பொருளாகியிருந்தது.

உள்நாட்டு உற்பத்தியும் வலுவாக இருந்தது. மல்ஹோத்ரா குடும்பத்தினரின் வெவ்வேறு நிறுவனங்கள் டோபாஸ், லேசர், சூப்பர்மேக்ஸ் ஆகிய பெயர்களில் பிளேடுகளைத் தயாரித்தன. ஜில்லெட் நிறுவனம் இந்தியாவில் காலூன்றியது 1984-இல்தான். பொத்தார் குழுமத்துடன் கூட்டாக ‘இந்தியன் ஷேவிங் புராடக்ட்ஸ்’ என்ற பெயரில் தொடங்கி, டெல்லிக்கு அருகே ராஜஸ்தானின் பிவாடியில் ஆலை அமைத்தது. ‘செவன் ஓ கிளாக்’ பிளேடு அதன் வழியே பரவியது. 2010-இல் ஜில்லெட் இந்தியச் சந்தைக்கென்றே ‘கார்டு’ ரேசரை 15 ரூபாய்க்கும் அதன் கார்ட்ரிட்ஜை 5 ரூபாய்க்கும் அறிமுகப்படுத்தியது. உலகின் மிகப்பெரிய சவரப் பொருள் நிறுவனமே இருமுனை பிளேடின் விலையோடு போட்டியிட இவ்வளவு இறங்கிவர வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அண்மைக் காலத்தில் உலோக ரேசர் புதிய வடிவிலும் திரும்பியுள்ளது. பெயரில் பம்பாய் இருந்தாலும் டெல்லி வட்டாரத்தில் இயங்கும் ‘பாம்பே ஷேவிங் கம்பெனி’, 2016-இல் சந்தைக்கு வந்தபோது முன்னிறுத்திய பொருள்களில் இருமுனை உலோக ரேசரும் ஒன்று.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சுதந்திரத்துக்குப் பின் நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு நிலவியதால், இந்தியாவில் கிடைக்கும் வெளிநாட்டு ரேசர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணக் கதை இருக்கக்கூடும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வாங்கியதாக இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்தோ மலேயாவிலிருந்தோ திரும்பிய உறவினரின் பெட்டியில் வந்ததாகவும் இருக்கலாம். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற முத்திரை இருந்தால் அது பிரிட்டனில் தயாரான ஜில்லெட்டாக இருக்க வாய்ப்புண்டு. லண்டனுக்கு மேற்கே ஐசில்வொர்த்தில் 1937-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஆலைக் கட்டடம் இன்றும் ‘ஜில்லெட் கார்னர்’ என்றே அழைக்கப்படுகிறது.

அமெரிக்கத் தயாரிப்புகளில் காலத்தைக் கணிப்பது எளிது. 1950-களின் நடுப்பகுதி முதல் தயாரானவற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து ஆண்டையும் எண் அந்த ஆண்டின் காலாண்டையும் குறிக்கும். எழுத்து ‘இ’ என்றால் 1959, ‘எஃப்’ என்றால் 1960.

வகைகள் பல. தலை, அடித்தட்டு, கைப்பிடி என மூன்றாகக் கழலும் ‘டெக்’ 1938-இல் வந்தது. கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இரு கதவுகளாகத் திறக்கும் ‘சூப்பர் ஸ்பீட்’ 1947-இல் வந்தது. பிளேடு வெளிநீட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் சுழல்வளையம் கொண்ட பருத்த ரேசர் 1950-களின் இறுதியைச் சேர்ந்தது. சேகரிப்பாளர்கள் அதிகம் விரும்புவது இதையே. புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று பாகங்களாகக் கழலும் ரேசரே ஏற்றது. அசையும் உறுப்பு இல்லாததால் கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை.

சந்தையிலேயே சில சோதனைகளைச் செய்துவிடலாம். ஒரு சிறு காந்தத்தைக் கைப்பிடியருகே கொண்டுசென்றால் ஒட்டக்கூடாது. பழைய நல்ல ரேசர்களில் பெரும்பாலானவை பித்தளையில் செய்து நிக்கல் பூசப்பட்டவை. கைப்பிடிக் குழாயில் மயிரிழை விரிசல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். திருகும்போது விரிசல் விரிந்தால் பிளேடு உறுதியாக நிற்காது. கதவுள்ள வகையில் இரு கதவுகளும் ஒரே மட்டத்தில் மூட வேண்டும். சீப்பு போன்ற பற்கள் கொண்ட வகையில் ஒரு பல் வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் முகம் வெட்டுப்படும். கண்ணாடி போல் மின்னும் ‘பழைய’ ரேசர் பெரும்பாலும் மறுபூச்சு கண்டது. அது குற்றமன்று; ஆனால் அசல் பூச்சுக்குரிய விலையை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. புளிப்பு, வெறும் பித்தளைக்கு நல்லது. மெல்லிய பூச்சை அரித்துவிடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்ப்பதே போதுமானது. பின்னர் மருந்தகங்களில் கிடைக்கும் சாராயக் கரைசலால் துடைக்கலாம். ஹெபடைடிஸ் ‘பி’ வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்த ரேசரைப் பற்றி இதனால் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, வீட்டில் இருவர் ஒரே பிளேடைப் பகிர்ந்துகொள்வதைத்தான்.

கை பழக வேண்டும்

கார்ட்ரிட்ஜுக்குப் பழகியவர் முதல் நாள் முகத்தை வெட்டிக்கொள்வதற்குக் காரணம் பழக்கத்தில் வந்த அழுத்தம். உலோக ரேசரின் எடையே போதும். கை அழுத்தக் கூடாது. தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறக்குறைய 30 டிகிரி கோணம் இருக்க வேண்டும். குளித்த பின், மயிர் நனைந்து மென்மையான நிலையில், பிரஷால் நுரை எழுப்பிப் பூசி, மயிர் வளரும் திசையிலேயே சிறு சிறு வீச்சாக இழுக்க வேண்டும். டெல்லியின் குளிர்காலத்தில் தோல் வறண்டிருப்பதால் எதிர்த்திசையில் இழுப்பதைத் தவிர்ப்பது நல்லது. அடுக்கு பிளேடுகள் மயிரைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுவதால், சுருள் மயிர் உள்ளோருக்கு அது உள்நோக்கி வளர்ந்து கட்டி உண்டாகலாம். ஒற்றை பிளேடு இவர்களுக்குப் பயன்தரக்கூடும்.

அடுத்து சட்டம். பழம்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972-இன்படி, வரலாற்று முக்கியத்துவமோ, ஒரு காலத்தின் அறிவியல், கைவினையை எடுத்துக்காட்டும் தன்மையோ கொண்டு, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பொருள் ‘பழம்பொருள்’ ஆகக்கூடும். அத்தகையவற்றைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆலையில் லட்சக்கணக்கில் தயாரான ரேசரை அந்த வரையறைக்குள் அடக்குவது விவாதத்துக்குரியதே. எனினும் நூற்றாண்டைக் கடந்த பெட்டியோடு கூடிய ரேசரை வெளிநாட்டு வாங்குநருக்கு அனுப்பும் முன், அது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறுவது பாதுகாப்பானது. விமானத்தில் செல்பவர்கள் தனி பிளேடுகளைக் கைப்பையில் வைக்காமல், பதிவு செய்யும் பெட்டியில் வைக்க வேண்டும்.

உலோக ரேசரை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்களில் சுற்றுச்சூழலும் ஒன்று. கார்ட்ரிட்ஜில் பிளாஸ்டிக்கும் எஃகும் ரப்பரும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம்; பிளேடோ வெறும் எஃகு. வாதம் சரியானதே, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. குப்பையில் எறியப்படும் தனி பிளேடு, காஸிப்பூர், பல்ஸ்வா குப்பை மலைகளுக்குப் போய்ச்சேரும் வழியில், கையுறையின்றிக் குப்பை பிரிப்பவரின் விரலைத்தான் முதலில் சந்திக்கிறது.

இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. மூடியுள்ள காலி தகர டப்பா ஒன்றில் உண்டியல் போலச் சிறு பிளவு வெட்டி, பழைய பிளேடுகளை அதில் போட்டுவரலாம். நிறைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் பிளவை ஒட்டி, உள்ளே இருப்பது பிளேடு என்று பெரிதாக எழுதி, பழைய இரும்பு வாங்குபவரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும்.