தூளிக்குள் இறங்கும் பாதி

தாண்டிக்குடிப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் தோட்டத்து மரக்கிளையில் பழைய சேலைத் தூளி தொங்கும். முடிச்சை இறுக்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தாய் பிள்ளையை உள்ளே விடுவாள். பிள்ளையைக் கிடத்திவிட்டு முடிச்சுப் போடுவோர் கிடையாது. அவளுக்குக் கரு தங்கியதை முதன்முதலில் உடம்புக்குச் சொன்ன ஹார்மோனும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஒன்றுசேர்கிறது.

அதன் பெயர் எச்.சி.ஜி. நாள் தள்ளிப்போனதும் கிராம சுகாதார செவிலியர் தரும் சிறு அட்டை தேடுவது இதைத்தான். இரண்டு மூன்று சொட்டுச் சிறுநீர். ஈரம் மெல்ல ஊர்ந்து ஏறும். சில நிமிடங்களில் இளஞ்சிவப்பாக இரண்டு கோடு. இந்த ஹார்மோனுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பாதிகள்; பல அட்டைகளில் ஓர் எதிர்ப்பொருள் ஆல்ஃபா பாதியையும் மற்றொன்று பீட்டா பாதியையும் பிடிக்கின்றன. இரண்டு பாதியும் கைகோத்து வந்தால்தான் அந்த இரண்டாவது கோடு. இந்த ஹார்மோனின் சேதியைக் கேட்கும் சினைப்பைக்கும் அப்படியே. பிரிந்த பாதி எதுவும் அதனிடம் செல்லாது.

ஆல்ஃபாவில் 92 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 145. இதே ஆல்ஃபாதான் சினைப்பையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஆகியவற்றிலும் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டுவது பீட்டா. 1994இல் இதன் படிக அமைப்பு எக்ஸ் கதிரில் தெளிவானபோது ஒரு வியப்பு காத்திருந்தது. இரண்டையும் தைக்கும் சகப்பிணைப்பு ஒன்றுகூட இல்லாமலே, பீட்டாவின் ஒரு நீண்ட கை ஆல்ஃபாவைச் சுற்றி வந்து, தன் உடம்பையே பற்றிக்கொள்கிறது. இடுப்பில் பிள்ளையை வைத்தவள் அதைச் சுற்றி வளைத்த கையால் தன் முந்தானையைப் பிடித்துக்கொள்வதுபோல. பீட்டாவின் 110ஆவது அமினோ அமிலம் 26ஆவதோடு கந்தகப் பிணைப்பால் மாட்டிக்கொள்கிறது. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் ‘சீட் பெல்ட்’.

ஆல்ஃபா வந்து அமர்ந்த பிறகு பெல்ட் பூட்டப்படும் என்று நினைப்பதே இயல்பு. நியூ ஜெர்சியில் வில்லியம் மொய்ல் குழு செய்த சோதனைகள் வேறு கதை சொல்லின. எச்.சி.ஜி.யில் பெல்ட் பெரும்பாலும் முன்பே பூட்டியிருக்கிறது. ஆல்ஃபாவின் ஒரு வளைவு, முதுகில் பருத்த சர்க்கரைச் சங்கிலியைச் சுமந்தபடியே, பெல்ட்டுக்கு அடியிலுள்ள சின்ன இடுக்கில் நுழைந்து மறுபக்கம் வருகிறது. முடிச்சு முதலில், பிள்ளை பிறகு. இதைப் படித்த அன்று எனக்கு அந்தத் தூளிதான் கண்ணில் நின்றது.

இந்தப் பிடிமானத்தை நம் நாட்டில் நேரடியாகப் பயன்படுத்தியவர் டெல்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தை நிறுவிய ஜி.பி. தல்வார். எச்.சி.ஜி.க்கு எதிரான கருத்தடைத் தடுப்பூசிக்கு அவர் மனித பீட்டாவோடு செம்மறியாட்டு எல்.எச்.சின் ஆல்ஃபாவைச் சேர்த்தார். பாலூட்டிகளிடையே ஆல்ஃபா அதிகம் மாறாததால் ஆட்டுப் பாதி மனிதப் பாதியோடு ஒழுங்காகப் பொருந்திக்கொண்டது. ஜோடி சேர்ந்த பீட்டாவுக்கு எதிராக உடம்பும் தீவிரமாகக் கிளம்பியது.

1994இல் முடிவுகள் வெளியாயின. 148 பெண்கள். போதிய எதிர்ப்பொருள் இருந்த 1,224 மாதச் சுழற்சிகளில் கருவுற்றது ஒரே ஒரு முறை. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அந்த அளவு எட்டவே இல்லை. அதை அலட்சியம் செய்ய முடியாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: எதிர்ப்பொருள் வடிந்ததும் கருத்தரிக்கும் திறன் அவர்களுக்குத் திரும்பிவிட்டது.