ஈரம் உலர்த்தியோர்

புதிய வீட்டில் முதன்முதலாகக் குடிபுகுதல் மகிழ்ச்சி தருவதாகும். சுவரில் கறை இராது. தரையில் தேய்வு இராது. கதவும் பலகணியும் பளபளக்கும். வாடகை வீடே ஆயினும், புதிய வீடு வாய்த்தலை மக்கள் பேறாகவே கருதுவர். ஆயின், புதிய வீடுகள் பல ஏழைகளுக்கே முதலில் திறந்துவிடப்பட்ட நகரம் ஒன்று இருந்தது. ஏழைகள் அங்குக் குடியேற்றப்பட்டது அவர்கள் இனிது வாழ்வதற்காக அன்று. வீட்டின் ஈரச் சுவர்களை உலர்த்துவதற்காக ஆகும். அந்நகரமே ஜெர்மனி நாட்டின் பெர்லின் மாநகரம்.

1871ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேரரசு நிறுவப்பெற்றது. பெர்லின் அதன் தலைநகராயிற்று. அப்பொழுது அங்கு வாழ்ந்தோர் 8 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டவர். 1905ஆம் ஆண்டில் அத்தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. தொழிற்சாலைகள் பெருகின, வேலை தேடி நாட்டுப்புறத்து மக்கள் திரள் திரளாக வந்தனர். வந்தவர்களுள் பலருக்கு வேலை கிடைத்தது. ஆனால், வீடு எளிதில் கிடைக்கவில்லை.

நகரம் விரிவதற்கென ஜேம்ஸ் ஓப்ரெக்ட் என்னும் பொறியாளர் வகுத்த திட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தது. அகன்ற தெருக்களும், அவற்றினிடையே மிகப் பெரிய மனைப்பகுதிகளும் அத்திட்டத்தில் அமைந்தன. நிலத்தின் விலை ஏற ஏற, ஒவ்வோர் அடி நிலத்திலும் வாடகை காண மனையுரிமையாளர் விழைந்தனர். தெருவை நோக்கி அழகிய முகப்புடன் ஓர் அடுக்குமாடி. அதன் பின்னே ஒரு முற்றம். முற்றத்தின் பின்னே மற்றோர் அடுக்குமாடி. இவ்வாறு கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மக்கள் இவற்றை ‘வாடகைப் பாசறைகள்’ என்று அழைத்தனர். முற்றம் 5.34 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் உடையதாயின் போதும் என்பது 1853ஆம் ஆண்டு விதி. தீயணைக்கும் வண்டி திரும்புவதற்கு வேண்டிய அளவு அது. வண்டிக்கு இடம் கிடைத்தது. கதிரவன் ஒளிக்கு இடம் கிடைக்கவில்லை. 1873–74ஆம் ஆண்டுகளில் கட்டப்பெற்ற ‘மேயர் முற்றம்’ என்னும் கட்டடத் தொகுதியில் ஆறு முற்றங்கள் அடுத்தடுத்து இருந்தன. மக்கள் மிக நெருங்கி வாழ்ந்த காலத்தில் அங்கு ஏறத்தாழ 2,000 பேர் குடியிருந்தனர்.

இக்கட்டடங்களின் செங்கற்களைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். எஞ்சிய சுண்ணாம்பை நீரில் நீற்றி, மணல் கலந்து சாந்து ஆக்குவர். சுவரில் பூசிய பின், அச்சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் கல்லைப்போல் இறுகும். இறுகும்பொழுது அது நீரை வெளியிடும். ஆதலால், பார்வைக்கு உலர்ந்து தோன்றும் புதுச் சுவரும் ஆட்கள் குடிபுகுந்த பின் வியர்க்கத் தொடங்கும். மனிதரின் மூச்சில் கரியமில வாயு மிகுதி. அவர்கள் மூட்டும் அடுப்பிலும் அதுவே எழும். மூச்சும் அடுப்பும் சுவரை இறுகச் செய்தன. அடுப்பின் வெப்பம் ஈரத்தை வெளியேற்றியது.

கட்டடத்தைப் பல மாதங்கள் வெறுமையாக விட்டுவைத்தால் அது தானே உலரும். அவ்வளவு காலமும் வாடகை வராது. கல்கரி நெருப்பிட்டும் உலர்த்தலாம். அதற்குப் பொருட்செலவு உண்டு. உரிமையாளர் சிலர் வேறொரு வழி கண்டனர். முழு வாடகை கொடுக்க இயலாத ஏழைக் குடும்பங்களைக் குறைந்த வாடகைக்கு அவ்வீடுகளில் குடிவைத்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் சுவர் உலரும். உலர்ந்ததும் அக்குடும்பம் வெளியேற வேண்டும். முழு வாடகை தருவோர் அவ்விடத்திற்கு வருவர். வெளியேறியோர் தட்டுமுட்டுப் பொருள்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு, மற்றோர் ஈர வீட்டை நாடிச் செல்வர். ‘உலர்த்தக் குடியிருப்போர்’ என்று பொருள்படும் பெயரால் நகரத்தார் அவர்களைக் குறித்தனர்.

வாடகை குறைவுதான், ஆனால், எஞ்சிய விலையை அவர்கள் உடல்நலத்தால் கொடுத்தனர். ஈரக் காற்று மூட்டுவலியையும் மார்புச் சளியையும் வளர்த்தது. ஓர் அறையில் பலர் நெருங்கி உறங்கினர். காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்ததை இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் அறிவித்ததும் இதே பெர்லினில்தான். அந்நோய் மூச்சின் வழியே பரவுவது. நெரிசல் அதனைப் பரப்பியது. ஈரமும் பசியும் அதனை எதிர்க்கும் வலிமையைக் குறைத்தன. சுவர் உலர்ந்தது, அதனை உலர்த்திய உடல் நலிந்தது.

இந்நிலையைக் கண்டு வாளாவிராதவர்களும் இருந்தனர். பெர்லினின் தொழிலாளர் நோய்க்காப்பு நிதியொன்று, 1901ஆம் ஆண்டு முதல் நோயாளிகளின் உறைவிடங்களை ஆய்ந்து, அறிக்கைகளையும் நிழற்படங்களையும் வெளியிட்டது. என்ரிக் சில்லே என்னும் ஓவியர் பின்முற்றத்து வாழ்வைத் தம் சித்திரங்களில் தீட்டினார். 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நலமான வீடு ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் கிடைத்தல் வேண்டும் என்பதை நாட்டின் குறிக்கோள்களுள் ஒன்றாக வைத்தது. பின்னர், புரூனோ டவுட் முதலிய கட்டடக் கலைஞர்கள் வெயிலும் காற்றும் புகும் குடியிருப்புகளை அமைத்தனர். 1925இல் தொடங்கப்பெற்ற ‘குதிரை இலாடக் குடியிருப்பு’ அவற்றுள் ஒன்று. அது பரந்த பசும்புல் வெளியைச் சூழ்ந்து வளைந்து நிற்கிறது. அத்தகைய ஆறு குடியிருப்புகளை யுனெஸ்கோ நிறுவனம் 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது.

இக்காலத்தில் பெரும்பாலான கட்டடங்கள் சிமெண்டினால் கட்டப்படுகின்றன. அவற்றிலும் ஈரம் தங்குவது உண்டு. அதனைப் போக்கப் பொறிகள் வந்துள்ளன. பலகணிகளைத் திறந்து காற்றோட்டம் தருதலும் பயன்படும். மனிதரின் மூச்சைக் கொண்டு சுவரை உலர்த்த வேண்டிய தேவை இல்லை. வீடு மனிதனுக்காக அமைவது. வீட்டிற்காக மனிதன் தேய்தல் முறையன்று. ஈரம் சுவரில் இருத்தல் ஆகாது. நெஞ்சில் இல்லாமற் போதல் அதனினும் ஆகாது.