ஒற்றைக் குண்டும் உண்ணத்தகு இறைச்சியும்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், கொலராடோ மாநிலத்தில், ஆண்டுதோறும் செப்டம்பர் நடுவில் ஒன்பது நாள் நீடிக்கும் ஒரு வேட்டைப் பருவம் உண்டு. குலுக்கலில் அப்பருவத்திற்கான உரிமம் பெற்றோர், குழாயின் வாய்வழியே மருந்தும் குண்டும் திணிக்கும் பழைய முறைத் துப்பாக்கியால் எல்க் மானை வேட்டையாடுவர். நம் ஊர்ப்புறங்களில் நரிக்குறவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் இம்முறையைச் சேர்ந்ததே. இவ்வேட்டைக்காரருள் பலர் கொம்பை விரும்பிச் செல்வோர் அல்லர். குடும்பத்தின் ஓராண்டுத் தேவைக்கான இறைச்சியை உறைபெட்டியில் சேர்ப்பதே அவர்தம் நோக்கம்.

அந்நாட்டில் வாழும் முஸ்லிம்களுள்ளும் வேட்டைக்குச் செல்வோர் உளர். இத்துப்பாக்கியின் குண்டுபட்டு இறந்த மான் ஹலாலாகுமா என்பது அவர்கள் முன் நிற்கும் வினா. இதற்கு விடை காண, அக்குண்டு எவ்வாறு கொல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எல்க் நம் மலைக்காடுகளின் கடமானுக்கு உறவானது. உருவில் அதனினும் பெரியது. வளர்ந்த ஆண் ஏறத்தாழ 320 கிலோவும் பெண் 225 கிலோவும் எடை கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் கட்டற்ற வேட்டையால் கொலராடோவில் இவ்வினம் அழிவின் விளிம்பை எட்டியது. பின்னர் 1910களில் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து மான்கள் கொண்டுவரப்பட்டன. வேட்டைக்கும் வரம்பு வகுக்கப்பட்டது. இன்று அம்மாநிலத்தில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட எல்க் மான்கள் உள்ளன. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி, வனவிலங்குப் பேணலுக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

துப்பாக்கியின் இயக்கம் எளியது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது கரிமருந்து. வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையை 13ஆம் நூற்றாண்டிலேயே சிரியாவின் ஹஸன் அர்ரம்மாஹ் எழுதிவைத்தார் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. மருந்தையோ அதற்கு ஈடான மாற்றுமருந்தையோ அளந்து குழாயில் கொட்டுவர். எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் ஈய உருண்டையை வைத்து, கோலால் மருந்தின்மேல் படியும்வரை இடிப்பர். இடையில் வெற்றிடம் விட்டால் குழாயே வெடிக்கக்கூடும். ஆதலால் கோலில் அளவுக்குறி இட்டிருப்பர். பின்புறத்தில் பொருத்திய சிறு செப்புக் கேப்பின்மீது சுத்தி விழ, பொறி மருந்தைப் பற்றவைக்கும். மருந்தில் ஈரம் ஏறினால் வெடியாது. வெடித்தாலோ புகைமண்டலம் சற்றுநேரம் கண்ணை மறைக்கும்.

மறுமுறை திணிக்க அரை நிமிடத்திற்கு மேலாகும். அதற்குள் மான் மறைந்துவிடும். எனவே வேட்டைக்காரனுக்கு வாய்ப்பு பெரும்பாலும் ஒன்றே. கொலராடோவின் சட்டமும் இவ்வரம்பைக் காக்கிறது. எல்க் வேட்டைக்குக் குழாய்விட்டம் அரை அங்குலத்திற்குக் குறையக் கூடாது. உருப்பெருக்கும் தொலைநோக்கி பொருத்தக் கூடாது. மருந்து தளர்தூளாகவே இருத்தல் வேண்டும். இதனால் வேட்டைக்காரன் மானை நூறு கெஜ தூரத்திற்குள் அணுகியாக வேண்டியவனாகிறான்.

அணுகுதல் எளிதன்று. செப்டம்பர் அவற்றின் இணைசேரும் காலம். ஆண்மானின் நீண்ட ஊதல்குரல் பள்ளத்தாக்குகளில் எதிரொலிக்கும். அதைக் கேட்டு இருப்பிடம் அறிவர். பெண்மானின் குரலைப் போலி செய்து அழைப்பாரும் உண்டு. மானின் மோப்பம் கூர்மையானது. விடியலில் குளிர்காற்று சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். இதை அறியாதவன் வெறுங்கையுடன் திரும்புவான். மான் பக்கவாட்டில் நிற்கையில், முன்காலின் பின்புறம் நுரையீரலும் இதயமும் அமைந்த இடமே குறி. அவ்விடம் தெளிவாகத் தெரியாதபோது சுடாதிருத்தல் நல்ல வேட்டைக்காரரின் ஒழுக்கம்.

இனி ஃபிக்ஹின் வினாவுக்கு வருவோம். அடிபட்டுச் செத்த பிராணியை, அதாவது மவ்கூதாவை, திருக்குர்ஆன் தடுத்துள்ளது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைக்கோல் பற்றிக் கேட்டபோது, அதன் கூர்முனை குத்தினால் உண்ணலாம், பக்கவாட்டில் தாக்கிக் கொன்றால் உண்ணலாகாது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஆக, ஊடுருவிக் காயப்படுத்துவது ஒன்று. கனத்தால் நசுக்குவது வேறொன்று.

ஈய உருண்டை இவற்றுள் எதைச் சார்ந்தது? டமாஸ்கஸின் ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836), குண்டுக்குக் கூர்மை இல்லை, அது சூட்டாலும் உந்துவிசையாலும் காயப்படுத்துகிறது என்பதால் அனுமதி மறுத்தார். கனத்தால் கொல்லும் உருண்டையை ஷாஃபிஈ நூல்களும் ஏற்பதில்லை. யமனின் ஷவ்கானீ (மறைவு 1834), குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் ஹலால் என்றார். மாலிகீ அறிஞர் தர்தீரும் (மறைவு 1786) ஈயக்குண்டு வேட்டையை ஆகுமாக்கினார். இம்மூவரும் வாழ்ந்தது வாய்வழி திணிக்கும் துப்பாக்கியின் காலம். அவர்தம் கருத்துவேறுபாடு எழுந்தது இத்தகைய மழுங்கிய உருண்டைகளைப் பற்றியே. இக்காலக் கூர்முனைத் தோட்டாவை ஊடுருவும் ஆயுதமாகக் கொண்டு அனுமதிக்கும் அறிஞர் பலர். பழைய துப்பாக்கியை எடுப்பவனோ பழைய வினாவை அதன் முழு வலிமையுடன் எதிர்கொள்கிறான்.

உயிருடன் அடைந்து, இறைநாமம் கூறி அறுத்தால் எம்மத்ஹபிலும் ஐயமில்லை. எனினும் நுரையீரலில் குண்டு பட்ட மான் விரைவில் இறந்துவிடும். வேட்டைக்காரர் வழக்கமாக அரைமணி நேரம் காத்திருந்தே குருதித் தடத்தைத் தொடர்வர். ஆகவே கத்தியை மட்டும் நம்பியிருத்தல் போதாது. தாம் பின்பற்றும் மத்ஹபின் நிலையை, விசையை இழுக்கும் முன்னரே ஆலிமிடம் தெளிந்துகொள்ளல் வேண்டும். சுட்டபின் ஐயுற்று இறைச்சியை விட்டுச் செல்வது உயிரை வீணாக்குவதாகும். உண்ணத்தகு இறைச்சியைக் காட்டில் கைவிடுதல் அம்மாநிலச் சட்டத்திலும் குற்றமே.

மான் வீழ்ந்தபின் உழைப்பு பெருகும். தோல் தடித்தது, செப்டம்பர் வெயிலில் இறைச்சி விரைவில் கெடும். உடனே குடலகற்றித் தோலுரித்து, நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் நிழலில் தொங்கவிட்டு, முதுகில் சுமந்து இறக்குவர். பெரிய ஆண்மானில் எலும்பு நீக்கிய இறைச்சி 80, 90 கிலோ தேறும். கொழுப்பு நீக்கிக் காற்றுப்புகாது பொதிந்து நாளைக் குறித்து, சுழியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியசில் வைத்தால் ஓராண்டு வரை சுவை கெடாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்ட உடல்நலிவு நோய், 1981இல் காட்டு எல்க்கிலும் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தொற்றியதாக நிறுவப்படவில்லை. எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ணலாகாதென அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. சமைப்பதால் அந்நோய்க்காரணி அழியாது. எனவே நோய் பரவிய பகுதியில் வேட்டையாடுவோர் தலைப்பகுதியைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்தபின்னரே உண்ணுதல் நன்று.

உணவுத் தேவைக்காக வேட்டையாடுவதை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் அனுமதித்தனர். வெறும் விளையாட்டுக்காக உயிர் கொல்வதைக் கண்டித்தனர். மானின் எண்ணிக்கையைச் சட்டம் காக்கிறது. இறைச்சியின் தூய்மையைச் சோதனைக்கூடம் சொல்லும். அது ஹலாலா என்பதைத் தெளிந்துகொள்ளும் பொறுப்பு மட்டும் துப்பாக்கி ஏந்துபவனைச் சார்ந்தது. அதை அவன் வீட்டிலிருந்து புறப்படும் முன்னரே நிறைவேற்றியிருத்தல் வேண்டும்.